கிகுச்சி நோய்: கழுத்தில் கட்டும் நெறிக்குள் நடப்பது என்ன, அதன் காரணம் எது

உங்கள் தங்கையின் பயொப்சி அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும் கிகுச்சி–புஜிமோட்டோ நோய் புற்றுநோயும் அல்ல, சயரோகமும் அல்ல. மிகப் பெரும்பாலானவர்களில் ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும் ஒரு நிணநீர்க்கணு அழற்சி அது. அறிக்கையில் "இழைய இறப்பு" என்ற சொல்லைக் கண்டு உங்கள் வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. தங்கைக்கு வயது 24. மாரிமழை தொடங்கிய நாட்களில் காய்ச்சல் வந்தது. மட்டக்களப்பின் படுவான்கரையில் அப்போது பல வீடுகளில் டெங்கு இருந்ததால் இதுவும் டெங்குதான் என்று எண்ணினீர்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் விடவில்லை. கழுத்தின் இடப்பக்கத்தில், காதுக்குக் கீழே பின்புறமாக, தொட்டால் நோகின்ற சிறு கட்டிகள் நெறிகட்டின. இரண்டு முறை அன்ரிபயோட்டிக் கொடுத்தும் குறையவில்லை. சயரோக மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார்; இன்னொரு வைத்திய நிபுணர் ஒரு கணுவை முழுமையாக வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்த பிறகு இந்த விடை வந்தது. இப்போது நீங்கள் கேட்பவை: கணுவுக்குள் உண்மையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, டெங்குவாலா வயற்சேற்றாலா வந்தது, பின்னாளில் புற்றுநோயாக மாறுமா, வெட்டியெடுத்தது அவசியம்தானா. இவற்றுக்கு, நோயியலைக் கற்றும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில், இயன்றவரை முழுமையாக விடை எழுதுகிறேன்.

வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்களின் இடையிடையே மடைகள் இருப்பதைப் போல, உடலின் நிணநீர் ஓடும் வழிகளில் நிணநீர்க்கணுக்கள் அமைந்துள்ளன. தொண்டை, பல், தலைத்தோல் ஆகிய இடங்களிலிருந்து வரும் நிணநீர் கழுத்திலுள்ள கணுக்களின் ஊடாகவே செல்கிறது. ஒரு கணுவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளி ஓரத்தில் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் பி-கலங்கள் உருண்டைக் கூட்டங்களாகவும், அவற்றுக்கு உட்புறமாக டி-கலங்கள் பரவலாகவும் குடியிருக்கும். கிகுச்சி நோயின் கதை முழுவதும் இந்த டி-கலங்கள் வாழும் பகுதியிலேயே நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் எந்தப் பகுதியைப் பிடித்திருக்கிறது என்பதே அது எந்த வகைத் தாக்குதல் என்பதற்கு முதல் சாட்சி.

1972ஆம் ஆண்டில் ஜப்பானில் மசஹிரோ கிகுச்சி என்ற நோயியலாளரும், அவரைச் சாராமல் புஜிமோட்டோவும் அவருடைய துணைவர்களும், இந்நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். அதனால்தான் இரண்டு பெயர்களும் சேர்ந்து நிற்கின்றன. அதன்பின் உலகின் பல பகுதிகளிலிருந்தும் இந்நோய் பதிவாகியுள்ளது. ஆனாலும் ஆசிய நாடுகளின் மக்களிடையேதான் அது கூடுதலாகக் காணப்படுகிறது. இலங்கையிலிருந்தும் நோயாளர் விவரங்கள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன. பெரும்பாலும் 40 வயதுக்குக் குறைந்தவர்களையே அது பிடிக்கிறது. தொடக்ககால ஆய்வுகள் ஆணொருவருக்குப் பெண்கள் நால்வர் என்ற அளவில் கணக்குக் காட்டின. பின்னர் ஆசியாவில் செய்யப்பட்ட பெரிய தொகுப்புகளில் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே இதைப் பெண்களின் நோய் என்று கொள்வது சரியல்ல.

இனி நுண்ணோக்கியின் கீழ் தெரிவதற்கு வருவோம். கணுவின் டி-கலப் பகுதியில், ஆங்காங்கே திட்டுத்திட்டாக, கலங்கள் இறந்து கிடக்கும். அந்தத் திட்டுகளில் இளஞ்சிவப்பு நிறமான, உருவற்ற பொருளும், அதற்குள் உடைந்து சிதறிய கலக்கருக்களின் கருநீலத் துணிக்கைகளும் நிறைந்திருக்கும். துணிக்கைகள் அவ்வளவு ஏராளமாக இருப்பது இந்நோயின் முத்திரை. அவற்றைச் சுற்றிலும் பெருந்தின்குழியங்கள் குழுமி நின்று, இறந்த கலங்களின் எச்சங்களை விழுங்கிக்கொண்டிருக்கும். அவற்றுள் பல, வயிறு நிறைய விழுங்கியதால் தம் கரு ஓரமாகத் தள்ளப்பட்டு, பிறைநிலா வடிவில் வளைந்து தெரியும். பிறை வடிவக் கருவுடைய இந்தத் தின்குழியங்களைத் தேடித்தான் நோயியல் நிபுணர் கண்ணாடித் தகட்டின் மேல் கண்ணை ஓட்டுவார்.

அங்கே இருக்கவேண்டியது ஒன்று இல்லாமலிருப்பது இன்னும் முக்கியமானது. சாதாரணமாக உடலில் ஓர் இழையம் இறந்தால், குறிப்பாக பக்ரீரியாத் தொற்றினால் இறந்தால், நடுநிலைநாடிகள் எனப்படும் வெண்குருதிக் குழியங்கள் திரண்டு வரும்; அவற்றின் திரட்சியே சீழ். கிகுச்சி நோயில் இவ்வளவு கலங்கள் இறந்து கிடந்தும் நடுநிலைநாடிகள் வருவதில்லை. வந்தாலும் மிக அரிது. வெண்குருதிக் குழியங்களின் இன்னொரு வகையான இயோசின்நாடிகளும் இல்லை, பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் பிளாஸ்மாக் கலங்களும் மிகக் குறைவு. இந்த வெறுமை சொல்லும் செய்தி தெளிவானது: இங்கே கலங்களைக் கொன்றது சீழ் பிடிக்கவைக்கும் கிருமியின் நஞ்சல்ல. உங்கள் தங்கைக்குக் கொடுத்த அன்ரிபயோட்டிக் பலிக்காமல் போனதன் விளக்கமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் கொன்றது யார்? சிறப்புச் சாயங்களால் கலங்களின் மேற்பரப்புப் புரதங்களை அடையாளம் காணும்போது, அப்பகுதியில் குவிந்திருக்கும் நிணநீர்க்குழியங்களில் பெரும்பாலானவை சி.டி.8 என்ற அடையாளம் கொண்ட டி-கலங்கள் எனத் தெரிகிறது. இவை உடலின் கொல்லும் படை. வைரஸ் புகுந்த கலங்களைக் கண்டறிந்து, துளையிடும் புரதத்தையும் கலத்தைத் தானே சாகச் செய்யும் நொதியத்தையும் செலுத்தி அழிப்பது இவற்றின் பணி. கிகுச்சி நோயில் இறந்து கிடப்பவையும் பெரும்பாலும் நிணநீர்க்குழியங்களே. அவை இறக்கும் முறையும், வெளியிலிருந்து நசுக்கப்பட்ட கலத்தின் சாவைப் போலன்றி, உள்ளிருந்து கட்டளை பெற்றுத் தன்னைத்தானே துண்டாக்கிக்கொள்ளும் கலத்தின் சாவைப் போலவே காணப்படுகிறது. ஆகவே நிர்ப்பீடனத் தொகுதியின், அதாவது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பின், ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கொன்றுகொண்டிருக்கிறது. தின்குழியங்கள் பின்னாலேயே வந்து எச்சங்களை அகற்றுகின்றன.

அந்தத் தின்குழியங்களும் சாதாரணமானவையல்ல. மயலோபெரொக்சிடேஸ் என்ற நொதியம் வழக்கமாக நடுநிலைநாடிகள் போன்ற குழியங்களுக்கே உரியதாகக் கருதப்படுகிறது. வளர்ச்சியடைந்த தின்குழியங்களில் அது இருப்பது வழக்கமன்று. கிகுச்சி நோயின் பிறை வடிவத் தின்குழியங்களிலோ அது இருக்கிறது. 2001இல் இத்தாலிய நோயியலாளர் பிலேரியும் அவருடைய துணைவர்களும் இதை எடுத்துக்காட்டிய பின், ஐயமான இழையங்களில் இந்நோயை உறுதிப்படுத்த இச்சாயம் பெரிதும் உதவுகிறது. இன்னொரு கலமும் இங்கே திரளாகக் காணப்படும்: பிளாஸ்மாக் கலம் போன்ற தோற்றமுடைய, சி.டி.123 அடையாளம் கொண்ட டென்ரைற்றுக் கலம். வைரஸை எதிர்க்கும் முதல்வகை இன்ரபெரோன் என்ற பொருளை உடலில் மிக அதிகமாகச் சுரப்பது இந்தக் கலமே. காரணத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

எல்லாக் கணுக்களும் ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை. 79 நோயாளர்களின் இழையங்களை ஆராய்ந்து 1995இல் தாய்வானைச் சேர்ந்த குவோ வெளியிட்ட கட்டுரை மூன்று தோற்றங்களைப் பிரித்துக்காட்டியது. முதலாவதில் தின்குழியங்களும் பெரிய நிணநீர்க்குழியங்களும் பெருகியிருக்கும், சாவு குறைவாக இருக்கும்; இரண்டாவதில் இழைய இறப்பே மேலோங்கியிருக்கும்; மூன்றாவதில் கொழுப்பை விழுங்கி நுரைபோல் தெரியும் தின்குழியங்கள் நிறைந்திருக்கும். இவை ஒரே நோயின் தொடக்கம், உச்சம், ஆறுதல் என்ற படிகளாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. உங்கள் தங்கையின் அறிக்கை இரண்டாவது தோற்றத்தையே விவரிக்கிறது. "இழைய இறப்பு" என்ற அச்சமூட்டும் சொல் அங்கே இடம்பெற்றதற்கு அதுதான் காரணம். நோயின் கடுமையை அது குறிக்கவில்லை.

முதலாவது தோற்றத்தில்தான் ஆபத்தான தவறு நேர்கிறது. அங்கே பெருகியிருக்கும் நிணநீர்க்குழியங்கள் பெரிதாகவும், கருமணி துருத்தியும், விரைவாகப் பிரிந்துகொண்டும் இருப்பதால், அனுபவம் குறைந்த கண்ணுக்கு அவை லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயின் கலங்களாகவே தோன்றும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் டோர்ஃப்மனும் ஜெரால்ட் பெரியும் 1988இல் 108 நோயாளர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் பெரும் பகுதி இந்த வேறுபாட்டை விளக்குவதற்கே செலவிடப்பட்டது. ஏனெனில் கிகுச்சி நோயை லிம்போமா என்று முடிவெடுத்து, தேவையே இல்லாத புற்றுநோய் மருந்தை இளைஞர்களுக்குக் கொடுக்கும் நிலை உண்மையாகவே இருந்தது. கணுவின் கட்டமைப்பு முழுதாக அழிந்துவிடாமல் இடையிடையே எஞ்சியிருப்பது, பிறை வடிவத் தின்குழியங்கள் இருப்பது, டி-கலங்கள் ஒரே மூதாதைக் கலத்திலிருந்து பிறக்காமல் பலவாறாக இருப்பது ஆகியவற்றைக் கொண்டே இரண்டையும் பிரிக்கிறார்கள்.

எங்கள் மாவட்டங்களில் இதைவிட அடிக்கடி எழும் கேள்வி சயரோகம் பற்றியது. கழுத்தில் கணு வீங்கி, காய்ச்சலும் மெலிவும் இருந்தால் சயரோகத்தை நினைப்பது முற்றிலும் நியாயமே. அதை நினைக்காமல் விடுவதுதான் பிழை. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடுகள் உண்டு. சயரோகக் கணுக்கள் பெரும்பாலும் மெதுவாக வளரும், நோகாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நாளடைவில் உடைந்து ஒழுகவும் கூடும். கிகுச்சி நோயின் கணுக்கள் பெரும்பாலும் 1 முதல் 2 சென்ரிமீற்றர் அளவில், தனித்தனியே, தொட்டால் நோகின்றனவாக, கழுத்தின் பின்முக்கோணப் பகுதியில் இருக்கும். இழையத்தில் சயரோகம் பாற்கட்டி போன்ற இறப்பையும், அதைச் சூழ்ந்து ஒழுங்காக அடுக்கப்பட்ட தின்குழியங்களையும், பல கருக்களைக் கொண்ட லாங்கான்ஸ் இராட்சதக் கலங்களையும் காட்டும். சீல்–நீல்சன் சாயத்தில் கோலுருவக் கிருமிகள் சிவப்பாகத் தெரியலாம். கிகுச்சி நோயில் இவை எவையும் இல்லை.

இங்கே ஒரு விடயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தானாகவே மாறக்கூடிய ஒரு நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும், அந்த மருந்துதான் மாற்றியது என்று தோன்றும். கிகுச்சி நோய் உள்ள ஒருவருக்குச் சோதனை செய்யாமல் சயரோக மருந்தைத் தொடங்கினால், இரண்டு மூன்று மாதங்களில் கட்டி வற்றிவிடும். மருந்து வேலை செய்கிறது, ஆகவே சயரோகம்தான் என்று எல்லோரும் நம்புவார்கள். நோயாளி 6 மாதங்கள் மருந்தை விழுங்குவார். ஐசோனியசிட், ரிபாம்பிசின், பிரசினமைட் ஆகியவை ஈரலைப் பாதிக்கக்கூடியவை, எதம்பியூட்டோல் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. குடும்பத்திலுள்ள மற்றவர்களும் காரணமின்றிச் சோதனைக்கு அழைக்கப்படுவார்கள். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அதன் பாரம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். எனவே வெட்டியெடுத்துப் பார்க்கச் சொன்ன வைத்தியர் உங்கள் தங்கைக்குச் செய்தது பெரிய நன்மை.

மூன்றாவதாகப் பிரித்தறிய வேண்டியது லூப்பஸ். உடலின் நிர்ப்பீடனம் தன் சொந்தக் கலங்களின் கருப்பொருளையே எதிர்க்கும் அந்த நோயிலும், கணுவின் தோற்றம் கிகுச்சி நோயை அப்படியே ஒத்திருக்கக்கூடும். இறந்த திட்டுகளில் ஊதா நிறமான உருவற்ற உருண்டைகள் காணப்படுவதும், குருதிக் கலன்களின் சுவர்களில் டி.என்.ஏ. படிந்து தடித்திருப்பதும், பிளாஸ்மாக் கலங்கள் நிறைந்திருப்பதும் லூப்பஸைக் காட்டும். எப்போதும் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவேதான் இழையத்தோடு நிறுத்தாமல் குருதியிலும், கலக்கருவை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள்.

இனிக் காரணத்துக்கு வருவோம். இதுதான் காரணம் என்று நிறுவப்பட்ட ஒன்று இன்றுவரை இல்லை. இருப்பவை வலுவான சான்றுகள் கொண்ட சில கருத்துகள். அவற்றின் எடையை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம்.

வைரஸ் என்ற எண்ணம் முதலிலிருந்தே உண்டு. மேல் சுவாசப்பாதைத் தொற்றைப் போன்ற தொடக்கம், வெண்குருதிக் குழியங்களின் குறைவு, சில நோயாளர்களின் குருதியில் தென்படும் இயல்பற்ற நிணநீர்க்குழியங்கள், அன்ரிபயோட்டிக்குக்கு அசையாமை ஆகிய எல்லாம் வைரஸையே நினைவூட்டுகின்றன. எப்ஸ்ரைன்–பார் வைரஸ், மனித ஹேர்ப்பிஸ் வைரஸ் 6, பார்வோ வைரஸ் பி19 முதலியவற்றைப் பலர் தேடினார்கள். சிலருடைய இழையத்தில் எப்ஸ்ரைன்–பார் வைரஸின் தடயம் கிடைத்தது. ஆனால் அந்த வைரஸ் உலகின் பெரும்பாலான வளர்ந்தோர் உடலிலும் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடப்பது. வேறு காரணங்களால் வீங்கிய கணுக்களில் தேடினாலும் அது அகப்படுகிறது. வீட்டில் இருந்தவரையெல்லாம் குற்றவாளி என்று சொல்ல முடியாது. தொடக்ககால ஜப்பானிய ஆய்வுகள் சந்தேகித்த டொக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் யெர்சினியா பக்ரீரியாவும் பிற்கால ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. கொவிட் தொற்றுக்குப் பின்னும், அதன் தடுப்பூசிக்குப் பின்னும் இந்நோய் தோன்றிய தனித்தனிச் சம்பவங்கள் எழுதப்பட்டுள்ளன. தொடர்ச்சி இருக்கிறது, காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை.

டெங்கு பற்றிய உங்கள் கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்ததே. டெங்குவுக்குப் பின் கிகுச்சி நோய் வந்ததாக ஒற்றை நோயாளர் விவரங்கள் மருத்துவ இதழ்களில் உள்ளன. ஆனால் மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் டெங்கு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் எந்த நோய் வந்தாலும் அதற்கு முன் டெங்கு வந்தவர்கள் சிலராவது இருக்கவே செய்வார்கள். உங்கள் தங்கையின் குருதியில் டெங்குவுக்கு எதிரான ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி காணப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அது தொற்று நீங்கிய பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் வரை குருதியில் இருக்கக்கூடியது. அண்மையில் டெங்கு வந்திருக்கிறது என்பதை அது காட்டலாமே தவிர, கணுவைத் தாக்கியது டெங்குதான் என்பதைக் காட்டாது. டெங்குக் காய்ச்சல் வழக்கமாக 2 முதல் 7 நாட்களில் விட்டுவிடும். வாரக்கணக்கில் நீண்ட காய்ச்சலை அதன் கணக்கில் எழுத முடியாது.

வயற்சேற்றைப் பற்றிய அச்சத்துக்கு ஓர் அடிப்படை உண்டு, ஆனால் அது வேறு நோய்களுக்கு உரியது. எங்கள் நாட்டின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா என்ற பக்ரீரியா மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்குகிறது. வேளாண்மை செய்வோரையும், அவர்களிலும் குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களையும், அது பிடிக்கும். அதனாலும் கழுத்துக் கணுக்கள் வீங்கலாம். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் கூட இங்கே நினைக்கவேண்டியவையே. ஆனால் மெலியோய்டோசிஸ் கணுவைச் சீழ்கட்டியாக்கும். அந்தச் சீழில் நடுநிலைநாடிகள் நிறைந்திருக்கும். உங்கள் தங்கையின் கணுவில் நடுநிலைநாடிகளே இல்லை என்று அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆகவே வயலில் இறங்கியதால் இது வந்தது என்று அவளையோ, அவளை நாற்று நடக் கூட்டிச்சென்ற அம்மாவையோ யாரும் குற்றம் சொல்லத் தேவையில்லை.

என்னை அதிகம் சிந்திக்கவைக்கும் சான்று இலத்திரன் நுண்ணோக்கியிலிருந்து வருகிறது. கிகுச்சி நோயின் நிணநீர்க்குழியங்களினதும் தின்குழியங்களினதும் குழியவுருவில் நுண்குழாய்கள் பின்னிய வலைபோன்ற அமைப்புகள் காணப்படுகின்றன என்று 1982இல் ஜப்பானைச் சேர்ந்த இமமுராவும் அவருடைய துணைவர்களும் எழுதினார்கள். இதே அமைப்புகள் லூப்பஸ் நோயாளர்களின் கலங்களிலும் உள்ளன. முதல்வகை இன்ரபெரோன் மிகையாகும்போது இவை தோன்றும் என்பது பின்னர் அறியப்பட்டது. அந்த இன்ரபெரோனைச் சுரக்கும் டென்ரைற்றுக் கலம் கிகுச்சிக் கணுவில் திரண்டிருப்பதை முன்னே சொன்னேன். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொடர் புலப்படுகிறது: ஏதோ ஒன்று, பெரும்பாலும் ஒரு தொற்று, இன்ரபெரோன் வழியைத் தூண்டுகிறது, கொல்லும் டி-கலங்கள் விழித்தெழுந்து பெருகுகின்றன, அவை தம்மவரையே கொல்கின்றன, தூண்டுதல் அடங்கியதும் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. லூப்பஸில் அது ஓயாமல் தொடர்கிறது. இமமுராவின் குழுவினரும் அக்காலத்திலேயே இதைத் தானாக அடங்கும், லூப்பஸைப் போன்ற ஒரு நிலை என்றே கருதினார்கள்.

ஏன் எல்லோருக்கும் வருவதில்லை என்பதற்குப் பரம்பரையலகுகள் ஓரளவு விடை தருகின்றன. நிர்ப்பீடனக் கலங்களுக்குப் பிறபொருளை எடுத்துக்காட்டும் எச்.எல்.ஏ. புரதங்களில், டி.பி. என்ற தொகுதியைச் சேர்ந்த சில வகைகள் ஜப்பானிய நோயாளர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. அவ்வகைகள் ஆசிய மக்களிடையே ஐரோப்பியர்களிடையே இருப்பதைவிடப் பரவலானவை. ஒரே எச்.எல்.ஏ. அமைப்புடைய சகோதரிகள் இருவருக்கும் இந்நோய் வந்ததாக ஒரு பதிவும் உண்டு. அதற்காக இதைப் பரம்பரை நோய் என்று சொல்ல முடியாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோயாக இது கருதப்படுவதில்லை.

ஆகவே காரணம் பற்றிய என் கருத்து இது: கிகுச்சி நோய் ஒரே கிருமியால் வரும் ஒரு நோயன்று. உடலமைப்பில் அதற்கான சாய்வு உள்ள ஓர் இளம் உடல், பலவகைத் தூண்டுதல்களுள் ஏதோ ஒன்றுக்குக் காட்டும் ஒரே வகையான மிகை எதிர்வினை அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் ஒற்றைக் குற்றவாளி அகப்படாததற்கு இதுவே மிகவும் பொருந்தும் விளக்கம் என்று நினைக்கிறேன்.

புற்றுநோயாக மாறுமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: கிகுச்சி நோய் லிம்போமாவாக மாறும் நோயன்று. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகவும் காணப்படவில்லை. தனிப்பாத்திரம், தனிப்பாய் எதுவும் வேண்டாம். 100 பேரில் 3 அல்லது 4 பேருக்கு, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, மீண்டும் வரலாம். அப்போதும் பெரும்பாலும் அதேபோல் அடங்கும்.

வெட்டியெடுத்தது அவசியமா என்று கேட்டீர்கள். ஊசியால் உறிஞ்சிக் கலங்களைப் பார்க்கும் சோதனை எளியது, ஆனால் இந்நோயைச் சரியாகக் காட்டுவதில் அதன் வெற்றி ஏறத்தாழப் பாதியளவே. ஏனெனில் இங்கே விடை தனிக் கலங்களில் மட்டுமன்றி அவை கணுவில் அமைந்துள்ள ஒழுங்கிலும் இருக்கிறது. லிம்போமாவை நம்பிக்கையோடு விலக்கவும் முழுக் கணு தேவை. இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: எடுத்த கணுவின் ஒரு பகுதியை போர்மலினில் இடாமல் சாதாரண உப்புநீரில் தனியே அனுப்பினால்தான் சயரோகக் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியும், போர்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பயொப்சிக்கு முன் ஸ்டெரொயிட் மாத்திரை கொடுப்பதும் நல்லதல்ல. லிம்போமா இருந்தால் அது தற்காலிகமாக வற்றி, இழையத்தின் உருவத்தைக் குழப்பிவிடும். கட்டியின் மேல் சூடான பத்துப் போடுவதையும் தவிர்க்கவேண்டும். தோல் வெந்துபோனால் வெட்டுக்காயம் ஆறுவதும் பிந்தும்.

இப்போதைய மருத்துவம் மிக எளியது. காய்ச்சலுக்கும் நோவுக்கும் பரசிட்டமோல், டெங்குவின் ஐயம் முற்றாக நீங்கியபின் வைத்தியர் விரும்பினால் இபுபுரோபென் போன்ற ஒன்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. காய்ச்சல் வாரக்கணக்கில் வாட்டினால், அல்லது கழுத்துக்கு அப்பால் வேறு உறுப்புகள் பாதிக்கப்பட்டால், குறுகிய காலத்துக்கு ஸ்டெரொயிட் கொடுப்பார்கள். மீண்டும் மீண்டும் வருவோருக்கு ஹைட்ரொக்சிக்குளோரோக்குயின் பயன்பட்டுள்ளது. உங்கள் தங்கைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதால் இவை எதுவும் இப்போது தேவைப்படாது என்றே தோன்றுகிறது. கிளினிக்கில் அவளைப் பார்க்கும் வைத்தியரே அதை முடிவு செய்யவேண்டும்.

அரிதாகச் சிலருக்கு நோய் கடுமையாகிறது. தாங்க முடியாத தலையிடியும் கழுத்து விறைப்பும் வந்தால் மூளையுறை அழற்சியை நினைக்கவேண்டும். காய்ச்சல் திரும்பவும் ஏறி, குருதிக் குழியங்கள் மூன்றுவகையும் குறைந்து, மண்ணீரல் பெருத்தால், தின்குழியங்கள் நல்ல குருதிக் கலங்களையே விழுங்கத் தொடங்கும் ஆபத்தான நிலை அது. இவற்றில் எதைக் கண்டாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மற்றபடி நீங்கள் தொடர்ந்து கவனிக்கவேண்டியது லூப்பஸ் ஒன்றைத்தான். சிலருக்கு அது கிகுச்சி நோய்க்கு முன்பே இருக்கிறது, சிலருக்குக் கூடவே வருகிறது, சிலருக்கு ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது. பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. ஏ.என்.ஏ. சோதனையும் சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனையும் இப்போது செய்து, வைத்தியர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும் செய்யுங்கள். கன்னங்களில் வெயில்பட்டால் கூடும் சிவப்பு, காலையில் விரல் மூட்டுகள் விறைத்து நோவது, வாயில் மாறாத புண்கள், கொத்தாக முடி உதிர்தல், சிறுநீரில் நுரை, கால் வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் முன்பே காட்டுங்கள். பின்னாளில் அவள் கருத்தரித்தால் முதல் கிளினிக்கிலேயே இந்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அறிக்கையில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தையும் குறித்து வையுங்கள். மெழுகில் பதித்த அந்த இழையத்தை ஆய்வுகூடத்தில் சேமித்து வைப்பார்கள், பின்னர் ஐயம் எழுந்தால் அதே இலக்கத்தைக் கொடுத்து அதிலிருந்து புதிய துண்டுகளை வெட்டி இன்னொரு நிபுணரிடம் காட்டலாம்.